காரை வீட்டுக்கு வைத்தியம்!

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று சொல்லிவைத்த மகானுபாவர் மூன்றாவதாக ஒன்றை விட்டுவிட்டார். ஒருவேளை அதைச் செய்துபார்த்து, பேச்சு வராமல் போயிருக்கலாம். 'பழைய வீட்டை ரிப்பேர் பண்ணிப்பார்!'

புது வீடு கைக்குழந்தை மாதிரி. நாம் வளர்க்கிறபடி வளரும். பழைய வீடு மாமனார் மாதிரி. அதற்கென்று பழக்கவழக்கம், கோபதாபம், வியாதி எல்லாம் உண்டு. ஒரு வார்த்தை கேட்காமல் கை வைத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

நான் பி.காம். எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, கட்டடம் என்பது வருஷா வருஷம் தேய்மானம் எழுதவேண்டிய ஓர் ஐட்டம். அந்தக் கணக்குப்படி எழுதியிருந்தால் எங்கள் பூர்வீக வீட்டின் மதிப்பு நேரு காலத்திலேயே ஒரு ரூபாய்க்கு வந்திருக்கும். ஆனால் வீடு காமர்ஸ் படிக்கவில்லை. கோம்பையில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

கோம்பை, தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்திலிருந்து பண்ணைப்புரம், தேவாரம் போகிற ரோட்டில் இருக்கிற மலையடிவாரத்து ஊர். பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள், "ஓ... நாய்க்குப் பேர்போன ஊரா?" என்பார்கள். (மனுஷர்களும் இருக்கிறோம் சார்!) தலையைத் தூக்கினால் மேற்கே மலை. உச்சியில் கேரளத்து ராமக்கல்மேடு. டூரிஸ்டுகள் அங்கே நின்று கீழே எங்கள் பக்கத்தைப் பார்த்து போட்டோ எடுப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் ஓடு தெரியும்; ஓட்டை தெரியாது. அதனால் எல்லாமே அழகு!

வீட்டைக் கட்டியது அப்பாவின் தாத்தா. பத்திரத்தில் 'மதுரை ஜில்லா' என்று இருக்கிறது. (தேனி தனி மாவட்டமானது 1996-ல்தான்.) தெருப் பக்கம் திண்ணை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓட்டுத் தாழ்வாரம், உள்ளே இரண்டு அறைக்குத் தேக்கு உத்திரம் போட்ட மச்சு. சுவர் இரண்டடி கனம். ஊர்ப் பேச்சில் 'காரை வீடு'. அப்பத்தா போனபிறகு பத்து வருஷம் பூட்டியே கிடந்தது. எலி, பல்லி, வௌவால் மூன்றும் அட்வான்ஸ் தராமல் குடியேறிவிட்டன.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஒரே ஆசை. "கடைசிக் காலத்துல நம்ம திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கணும்டா." பெரியப்பாவும் சித்தப்பாவும் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். வீட்டை இடித்துவிட்டு, தெருவைப் பார்த்து மூன்று கடை. ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு வாடகை. காரைக்குடியிலிருந்து ஒரு வியாபாரி வந்து, தூணையும் நிலைக்கதவையும் பல் டாக்டர் மாதிரி தட்டிப்பார்த்து விலைகூடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். (அங்கே முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனால், தமிழ்நாட்டில் இடிபட்ட வீடுகளின் கதவும் தூணும் கடை கடையாக நிற்பதைப் பார்க்கலாம்.)

2024 பொங்கலுக்குக் கூடிய குடும்பப் பஞ்சாயத்தில் சித்தப்பா தீர்ப்பு வாசித்தார்.

"அண்ணே, அடுத்த பொங்கல் வரைக்கும் டயம். மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாம, ஆள் குடியிருக்கிற மாதிரி ஆக்கிக் காட்டுங்க. இல்லேன்னா இடிச்சுப் பங்கு போட்டுக்குவோம். அம்புட்டுத்தேன்."

அப்பாவின் சேமிப்பு, என் பேரில் ஒரு கடன், பன்னிரண்டு மாசம். ஆட்டம் ஆரம்பம்!

இடிப்பதற்கு ஆயிரம் பேர்

ரிப்பேர் என்று வாயைத் திறந்தால் போதும், ஊரே இன்ஜினீயர் ஆகிவிடும். டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், சலூனில்... எங்கு போனாலும் ஒரே ஆலோசனை: "இதுக்குப் போயி செலவழிப்பாகளா? இடிச்சுட்டு நச்சுன்னு ஒரு கான்கிரீட் வீடு போடுங்க தம்பி!" சொன்னவர்கள் யாரும் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை.

தாத்தா கட்டியதைப் பேரன் இடிப்பது ஒன்றும் புது பேஷன் இல்லை. மதுரையில் திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய மகாலின் பெரும்பகுதியை இடித்து, வேலைப்பாடுகளைத் திருச்சிக்குக் கொண்டுபோனவர் அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் என்றுதான் சொல்வார்கள். மிச்சம் நின்றதை ரிப்பேர் பார்த்தது யார் தெரியுமோ? 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. சொந்தப் பேரன் இடித்தார். சம்பந்தமே இல்லாத வெள்ளைக்காரர் பூசினார்!

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அவருக்கு கவர்மென்ட் காசுடா" என்றார். பாயின்ட்தான்.

எஸ்டிமேட் என்னும் மர்ம நாவல்

முதலில் ஓர் இன்ஜினீயர் வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை உதட்டைப் பிதுக்கியபடியே இருந்தார். மறுநாள் எஸ்டிமேட் வந்தது. புதிதாகக் கட்ட 26 லட்சம். ரிப்பேருக்கு 14 லட்சம். அதில் 'எதிர்பாராத செலவு' என்று 2 லட்சம் போட்டிருந்தார். எதிர்பாராததை எப்படி சார் ரவுண்டாக எதிர்பார்த்தீர்கள் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அப்பா முறைத்ததால் விட்டேன்.

அடுத்து ஒரு வங்கி. "அப்ரூவ்டு பிளான் கொண்டு வாங்க" என்றார்கள். அப்பாவின் தாத்தா பிளான் போட்டது கைத்தடியால், மண்ணில்! அடுத்து, "பட்டா கூட்டுப் பட்டாவா இருக்கே, எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போடணும்" என்றார்கள். இடிக்கத் துடிப்பவர்களிடம் போய், ரிப்பேர் கடனுக்குக் கையெழுத்துக் கேட்பதா? கடைசியில் எனக்குக் கை கொடுத்தது பர்சனல் லோன். வட்டியைப் பார்த்தால் கை கொடுத்த மாதிரி இல்லை, கையை எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆபீஸ் போகும் நண்பர்கள் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் வீட்டை ரிப்பேர் பார்க்க வாங்கிய கடனுக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்கள் வட்டியில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரைதான் கழித்துக்கொள்ளலாம். புது வீடு கட்டியவருக்கு அதே முறையில் 2 லட்சம். சர்க்காரும் டீக்கடைக்காரர் கட்சிதான்!

சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது 2025 செப்டம்பரில். எங்கள் வேலை முடிந்து சரியாக ஒரு வருஷம் கழித்து. என் ஜாதகம் அப்படி. நல்லவேளை, எங்களுக்கு அதிகம் சிமென்ட் தேவைப்படவில்லை. அதுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம்.

சுவருக்குச் சளி பிடித்தால்...

வீட்டில் மற்ற சுவரெல்லாம் கிழவனார் மாதிரி சுருக்கம் விழுந்து, ஆனால் திடகாத்திரமாக நின்றன. வடக்குச் சுவர் மட்டும் அழுதுகொண்டே இருந்தது. இடுப்பளவுக்கு ஈரம். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, தொட்டால் மாவாகக் கொட்டியது. இத்தனைக்கும் அந்த ஒரு சுவர்தான் சிமென்ட் பூசிய சுவர். இருபது வருஷம் முன்னால் 'வீடு பலமாகட்டும்' என்ற நல்ல எண்ணத்தில் பூசியது.

வாட்டர்புரூப் பெயின்ட் ஏஜென்ட் ஒருவர் வந்து, "ரெண்டு கோட் அடிச்சா பத்து வருஷம் கேரன்ட்டி" என்றார். அவர் போனபிறகு பெரியவர் ஒருவர் வந்தார். எழுபது வயதுக் கொத்தனார். கரண்டிப் பிடியால் சுவரை அங்கங்கே தட்டினார். 'டொப் டொப்' என்று பொத்தலாகச் சத்தம் கேட்டது.

"தம்பி, செவுத்துக்குச் சளி பிடிச்சிருக்கு. மூக்கை அடைச்சுப்புட்டாக."

"என்ன பெரியவரே சொல்றீங்க?"

"மண்ணுல இருக்க ஈரம் செவுத்துல ஏறத்தேன் செய்யும். சுண்ணாம்புப் பூச்சா இருந்தா வெயிலுக்கு அது பாட்டுக்கு வெளிய போயிரும். மேல சிமென்ட்டைப் பூசிட்டா அது எங்கிட்டுப் போகும்? உள்ளயே நின்னு செங்கலைத் திங்கும். இதுக்கு மேல பெயின்ட் வேற அடிச்சா, சளி பிடிச்சவன் வாயவும் பொத்துன மாதிரிதேன்."

விசாரித்தால் விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. பழைய வீடுகளுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. செங்கலின் நுண்துளை வழியே தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறும். கூடவே மண்ணின் உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஆவியை வெளியே விடும். இறுக்கமான சிமென்ட் அவ்வளவாக விடாது. உள்ளே தங்கிய உப்பு படிகமாகி, செங்கலை நொறுக்கிவிடும். சிமென்ட் மோசம் என்பதில்லை. இளைஞனுக்குக் கொடுக்கிற மருந்தைக் கிழவனாருக்குக் கொடுத்தால் வருகிற கோளாறு!

பெரியவர் பேச்சில் சந்தேகம் உள்ளவர்கள் தெற்கே மலைமேல் போய்ப் பார்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்குக்கே சோறு போடுகிற முல்லைப் பெரியாறு அணை, பென்னிகுயிக் துரை கட்டி 1895-ல் திறந்தது, நிற்பது சுண்ணாம்பிலும் சுர்க்கியிலும்தான். (சுர்க்கி என்றால் சுட்ட செங்கலின் தூள்.) போர்ட்லாண்ட் சிமென்டுக்கு 1824-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் சென்னையில் சிமென்ட் தயாரிக்கும் முதல் முயற்சி நடந்தது 1904-ல்தான்.

அந்த அணைக்கும் ரிப்பேர் வந்தது. 1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி வைத்துவிட்டு, அதன்பிறகு தலையில் கான்கிரீட் தொப்பி போட்டார்கள். உடம்பில் துளை போட்டு எஃகு வடத்தை இறக்கி, அடிப்பாறையோடு இழுத்துக் கட்டினார்கள். பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2006-லும் 2014-லும் சொன்னது. கவனியுங்கள்... பழைய அணையை இடித்துவிட்டு இதைச் செய்யவில்லை. இருப்பதை இருக்கவிட்டு, பலத்தை மட்டும் சேர்த்தார்கள். (1886-ல் எழுதிய 999 வருஷக் குத்தகை அது. இடம் ஒருத்தருடையது, அணையைப் பராமரிப்பது இன்னொருத்தர். ஒவ்வொரு வேலைக்கும் பேச்சுவார்த்தை, கோர்ட்டு. அதைப் பார்த்தால் எங்கள் மூன்று பங்காளிகள் தங்கம்!)

கடுக்காயும் கருப்பட்டியும்

"சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதேன்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். சிமென்ட் வேண்டுமென்றால் போன் செய்தால் வாசலில் வந்து இறங்கும். சுண்ணாம்பு வேண்டுமென்றால், நாள் நட்சத்திரம் பார்த்துப் பெண் கேட்கப் போவதுபோல் போகவேண்டும். கோயில் திருப்பணி செய்கிற ஆட்களைப் பிடித்து, அவர்கள் வாங்கும் சூளையை விசாரித்து, ஒரு வழியாகக் கல் சுண்ணாம்பு வந்து சேர்ந்தது.

கொல்லையில் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, கல்லைப் போட்டதும் பாருங்கள்... குபுகுபுவென்று கொதித்தது! பக்கத்து வீட்டுக் கோம்பை நாய், சிறுத்தைக்கே பயப்படாது என்று பீற்றிக்கொள்வார்கள், அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. (விளையாட்டு இல்லை. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.) அப்படி நீற்றிய சுண்ணாம்பு ஒரு மாசம் தண்ணீருக்குள்ளேயே கிடக்கவேண்டும் என்றார் பெரியவர். நான் காலண்டரைப் பார்த்தேன். "வெரசா வேணும்னா சிமென்ட் பூசிக்கங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஒரு மாசத்தில் வடக்குச் சுவரின் சிமென்டைக் கொத்தி எடுத்தோம். சுவர் நிர்வாணமாக வெயில் காய்ந்தது. இன்னொரு பக்கம் கடுக்காயை நசுக்கி, கருப்பட்டியோடு ஊறப்போட்டோம். சாந்தில் சேர்க்க. நாலே நாளில் வந்த வாசனையில் தெருவே மூக்கைப் பிடித்தது. "வீட்டுக்குள்ள ஊறல் போடுறீகளா?" என்று ரகசியமாக விசாரித்தார் ஒருத்தர். கருப்பட்டி இருக்கிற இடத்துக்கு ஜில்லாவிலுள்ள எறும்பெல்லாம் பத்திரிகை வைக்காமலே வந்து சேர்ந்தன.

சுண்ணாம்பைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சூளையில் சுடும்போது சுண்ணாம்புக்கல் கரியமிலவாயுவை வெளியே விடுகிறது. நீற்றி, சாந்தாக்கிச் சுவரில் பூசியபிறகு காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை மெதுமெதுவாக வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடுகிறது. விட்டதும் கரியமிலவாயு, வாங்குவதும் கரியமிலவாயு. ஓப்பனிங் பேலன்ஸும் குளோசிங் பேலன்ஸும் டேலி! பி.காம். படித்த எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. (சுண்ணாம்பாலும் இருக்கலாம்.)

பிரச்னை ஆட்கள்தான். மச்சின் மேல்தளம் விரிசல் விட்டிருந்தது. அங்கே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்கவேண்டும். அந்தத் தட்டு தெரிந்த சித்தாள் ஊரில் இரண்டே பேர். இருவருக்கும் அறுபதுக்கு மேல். அவர்கள் தட்டத் தட்ட, நாலு சின்னப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். "அடிக்கக் கூடாது தாயி, தட்டணும். புள்ளையத் தூங்க வைக்கிற மாதிரி" என்று அந்த அம்மா சொன்னதை எந்த இன்ஜினீயரிங் புத்தகத்தில் போட்டிருக்கிறார்களோ, தெரியவில்லை.

சென்னை சேப்பாக்கத்தில் 2012 ஜனவரியில் தீப்பிடித்த கலச மகாலைப் பொதுப்பணித்துறை மீட்டதும் பழைய முறைச் சுண்ணாம்பு வேலையால்தான். அரண்மனைக்கு ஆள் கிடைத்துவிடும். கோம்பை வீட்டுக்கு? அந்த இரண்டு பேருக்குப் பிறகு யார் என்பதுதான் கேள்வி.

ஆடியில் அம்மி பறந்தது!

ஆசாரி வந்து உத்திரங்களைக் குத்திப்பார்த்தார். எட்டில் ஆறு நல்லது. இரண்டுக்குச் சுவருக்குள் இருந்த நுனி மட்டும் செல்லரித்திருந்தது. "முழுசா மாத்தச் சொல்லுவாக, கேட்காதீக. உளுத்ததை மட்டும் அறுத்துட்டு ஒட்டுப்போட்டுக்கலாம்" என்றார். ஒட்டுப்போடப் பழைய தேக்கு எங்கே கிடைத்தது? வேறெங்கே, இடித்த வீட்டிலிருந்துதான். யாரோ ஒருத்தருடைய அப்பத்தா வீட்டு உத்திரம் எங்கள் உத்திரத்துக்குக் கை கொடுத்தது.

தாழ்வாரத்து ஓடுகளைப் பிரித்து அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிய நேரம் பார்த்து ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பார்த்திருக்கிறீர்களா? கணவாய் வழியே புகுந்து, பள்ளத்தாக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். ராமக்கல்மேட்டில் காற்றாலை வைத்தது சும்மாவா? ஒரு ராத்திரி தார்ப்பாய் கிளம்பிப் போய் மூன்றாவது தெருவில் ஒரு கல்யாணப் பந்தல்மேல் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் கேட்கப் போனால், "நல்லா நிழலா இருக்கு, முகூர்த்தம் முடியட்டும்" என்றார்கள். சாப்பாடும் போட்டார்கள்.

ஒரே ஓர் இடத்தில் சிமென்டுக்கும் மரியாதை செய்தோம். அப்பாவின் முழங்காலுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும். அதைப் பழைய சுவரோடு ஒட்டாமல், கொல்லைப் பக்கம் தனியாக, கான்கிரீட்டில் கட்டி ஒரு சின்ன நடையால் இணைத்தோம். பழையது பழையதாக, புதியது புதியதாக. இரண்டுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி. கூட்டுக் குடும்பத்துக்கும் அதுதான் விதி!

வரவு செலவு

புரட்டாசியில் வேலை முடிந்தது. கணக்கு இது: சுண்ணாம்பு, மணல், ஜல்லி, கடுக்காய், கருப்பட்டி 1,10,000. கூலி 5,60,000. மரம், ஆசாரி 1,90,000. பாத்ரூம் 1,60,000. வயரிங், மோட்டார் 85,000. டீ, வடை 35,000. ஆக மொத்தம் 11,40,000 ரூபாய்.

கூலி எவ்வளவு என்று பார்த்தீர்களா? ஏறக்குறைய பாதி. புது வீட்டில் பணம் பெரும்பாலும் சாமான் கடைக்குப் போகும். இங்கே பாதிப் பணம் ஊரிலிருக்கிற ஆட்களின் கைக்குப் போயிருக்கிறது. சித்தப்பாவுக்கு இந்த வரியை அடிக்கோடிட்டு அனுப்பினேன். பதில் இல்லை.

ஐப்பசி மழை வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்த ஒரு ராத்திரி அப்பா தூங்கவே இல்லை. டார்ச் லைட்டோடு மச்சை அண்ணாந்து பார்த்தபடி அறை அறையாக நடந்தார். கையில் ஒரு சொம்பு, ஒழுகினால் பிடிக்க. விடியும்போது சொம்பு காலி. அதே சொம்பில் காபி குடித்தார்.

2025 பொங்கலுக்குச் சித்தப்பா வந்தார். பேச்சே இல்லை. நேரே வடக்குச் சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்தார். அடியில் ஒரு முழம் இன்னும் லேசாக ஈரம்தான். "முழுசாக் காய இன்னும் ஒரு வெயில் காலம் ஆகும். ரெண்டடிச் செவுரு, இருபது வருஷத்துத் தண்ணி" என்றார் பெரியவர். சித்தப்பா மச்சைப் பார்த்தார், உத்திரத்து ஒட்டைத் தடவினார், முற்றத்தில் கொஞ்சம் நின்றார்.

"அண்ணே, கடையைப் பத்தி மூணு வருஷம் கழிச்சுப் பேசுவோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மே லீவுக்குப் புள்ளைகளை இங்க அனுப்பட்டுமா?" என்றும் கேட்டார்.

பழைய வீடு வைத்திருக்கும் நண்பர்களுக்கு நாலு வார்த்தை. ஒன்று, கை வைப்பதற்கு முன் ஒரு மழைக்காலம் வீட்டுக்குள் இருந்து பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று வீடே சொல்லும். இரண்டு, சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பால் பூசுங்கள். மூன்று, பங்காளிகளின் கையெழுத்தை முதல் செங்கலுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வீடு நன்றாக ஆனபிறகு எல்லோருக்கும் அது பிடித்துப்போகும்!

நாலாவது, டீ, வடைக் கணக்கைத் தனியாக எழுதாதீர்கள். கூட்டிப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். ஆனால் நிறுத்திவிடாதீர்கள். நாலு மணி டீ வராத அன்றைக்குப் பூசிய இடம் எது என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.